ஊர்ப்பெயர் என்ற கட்டம்

அலபாஹா ஆற்றின் கறுப்புத் தண்ணீர்
சுருங்கிக் கிடந்த அக்டோபரில்
ஓஸெல்லா டூட்டன் வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
தான் எது கொடி எது என்று
கம்பிக்கே மறந்துபோயிருந்தது.

இங்க்ரம் பெல் வந்தான்,
பல்கலைக்கழகத்து வண்டியில்,
பழைய செய்தித்தாள், அட்டை, கயிறு,
இன்னும் சேறு காணாத காலணி.
அவனுடைய தாளில் நிரப்பக் கட்டங்கள் இருந்தன:
இடம். மண். நாள். பறித்தவர்.
கடைசியாக, ஊர்ப்பெயர்.

கம்பத்தோரம் மூன்று கொடிகள்
ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்திருந்தன.
ஒன்றுக்கு இலை வட்டம்.
ஒன்றுக்கு இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது.
ஒன்றுக்கு இலை விளிம்பெல்லாம் முள்,
போதாதென்று தண்டிலும்.
மூன்றுக்கும் அவள் சொன்னது ஒரே பெயர்.

பென்சிலைத் தூக்கியவன்
தூக்கியபடியே நின்றான்.
"மன்னிக்கணும் அம்மா, செடியின் பெயரைக் கேட்டேன்."
"அதைத்தானே சொன்னேன்."

ஞாயிறு தவறாமல்
தேவாலயத்தில் இரண்டாம் வரிசையில் நின்று பாடுகிறவள்.
கையுறையைக் கழற்றி
முழங்கை வரை காட்டினாள்,
ஆறியதும் ஆறாததுமாய்
முப்பது வருஷத்துக் கையெழுத்து.

"பிரசங்கியார் பக்கத்தில் இருந்தால்
'சற்றே பொறு' என்போம்.
வேண்டுமானால் அதை எழுதிக்கொள்.
ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால்
இது திரும்பிப் பார்க்காது."

பதிலுக்கு அவன்
மூன்றாவது கொடியின் லத்தீன் பெயரைச் சொன்னான்.
போனா நாக்ஸ். நல்லிரவு என்று பொருள்.
அவள் சிரித்த சிரிப்பில்
டீக்கன் என்ற நாய் விழித்து
வண்டியைப் பார்த்துக் குரைத்தது.
"யார் வைத்தது?"
"கடல் தாண்டி இந்தப் பக்கமே வராத ஒருவர்.
காய்ந்த கிளையை வைத்துக்கொண்டு."
"சரிதான். காய்ந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தால்
யாருக்கும் தூக்கம்தான் வரும்."

(நாம் மட்டும் என்ன.
இதன் சீனத்துச் சொந்தம் நம் மருந்துக்கடைக்கு வந்தபோது
வேரையும் பார்க்கவில்லை, இலையையும் கேட்கவில்லை.
எவன் கப்பலில் வந்ததோ அவன் பெயர்தான்,
பறங்கிப்பட்டை.)

சதுப்பின் உள்ளே
புன்னை போல் தடித்த இலையோடு
நான்காவது ஒன்று உண்டென்று
வெளிச்சம் இறங்கும் நேரத்தில் போனான்.
முதலில் காற்சட்டை.
குனிந்து அதை விடுவிக்கும்போது தோள்.
தோளைத் திருப்பும்போது காதுமடல்.
பின்னால் நகர்ந்தால்
முன்னால் போனவனைப் பிடித்த அதே கொடி
இன்னொரு வழியாய் வந்து நின்றது.

தவளைகள் ஒரு கணம் நிறுத்திக் கேட்டன,
பெல் குடும்பத்தில் யாரும்
உரக்கச் சொல்லியிராத சொல்.

வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது:
"இப்போது எழுதிக்கொள்!"

எழுதத்தான் செய்தான்.
இரும்பு அலமாரியில், நாப்தலின் வாசனையில்,
அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.
இலைகள் புகையிலை நிறமாகிவிட்டன.
காம்பின் அருகே கடுகளவு பழுப்புக் கறை,
அது செடியுடையது இல்லை.
பின்னாளில் வந்த நிபுணர் ஒருவர்
லத்தீனைத் தவறென்று கண்டு
சிறு சீட்டு ஒட்டித் திருத்தியிருக்கிறார்.
ஊர்ப்பெயர்க் கட்டத்தில்
பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த பள்ளம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.
அதை யாரும் திருத்தவில்லை.

ஏப்ரலில் இதே கொடி
விரல் நீளத்துக்கு இளங்கொழுந்து விடும்.
முள் அப்போது நகம் முளைக்காத குட்டி போல்.
ஒடித்தால் டப்பென்று ஒடியும்.
ஓஸெல்லா அதை வெண்ணெயில் வதக்கி
உப்புத் தூவி
நின்றபடியே வாணலியிலிருந்து தின்பாள்.
அந்த மாதத்தில் அதற்கு
அவளிடம் இன்னொரு பெயர் இருக்கிறது.

அவன் அதைக் கேட்கவில்லை.
அவன் வந்தது அக்டோபரில்.